குடியும் பட்டினியும்: தாதியரின் பொறுப்பு

மதுவுக்கு அடிமையானவரும், உடல் பருத்துவிடுமோ என்னும் அச்சத்தால் உணவை மறுப்பவரும் வெவ்வேறு நோயாளிகள். ஆயினும் நெடுநாள் சத்துணவின்றி மெலிந்த உடல் இருவருக்கும் பொதுவாக அமையக்கூடும். இத்தகையோருக்குச் சிகிச்சை தொடங்கிய முதற்சில நாட்களே அபாயம் மிகுந்தவை. அந்நாட்களில் இரவும் பகலும் அருகிலிருந்து கண்காணிப்பவர் தாதியே ஆவார்.

புனே நகரில் கேம்ப் என வழங்கும் கன்டோன்மென்ட் பகுதியையொட்டி ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி 1948-இல் நிறுவப்பட்டது. 1964-இல் நர்ஸிங் கல்லூரியும் அதனுடன் சேர்ந்தது. அதே நகரில், ஆற்றுக்கு அப்பாலுள்ள எரவாடாவில், டாக்டர் அனிதா அவசட், டாக்டர் அனில் அவசட் தம்பதியர் 1986-இல் முக்தாங்கண் என்னும் போதை மீட்பு நிலையத்தைத் தொடங்கினர். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய நிலையமும் இவ்வகையைச் சேர்ந்ததே. போதைப் பழக்கம் ஒழுக்கக்கேடன்று, சிகிச்சைக்குரிய நோய் என்பதே இவற்றின் அடிப்படைக் கொள்கை.

மது மூளையின் இயக்கத்தை அடக்குகிறது. நாள்தோறும் குடிப்பவரின் மூளை அதற்கு ஈடுகொடுக்கத் தன் கிளர்ச்சியை மிகுதிப்படுத்திக்கொள்கிறது. குடியைத் திடீரென நிறுத்தினால் அக்கிளர்ச்சி கட்டுக்கடங்காமற் போகிறது. முதல் நாளிலேயே கைநடுக்கமும் வியர்வையும் தோன்றும். 48 மணி நேரத்திற்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை சித்தப்பிரமையும் காய்ச்சலும் கூடிய ஜன்னி நேரலாம். இதனை முன்னறிய 1989-இல் வெளியான அளவுகோலொன்று பயன்படுகிறது. நடுக்கம், வியர்வை, குமட்டல், பதற்றம் முதலிய 10 குறிகளுக்குத் தாதி மதிப்பெண் இடுகிறார், மொத்தம் 67. மதிப்பெண் ஏற ஏற, டயஸிபாம் போன்ற மருந்தின் அளவை மருத்துவர் மாற்றியமைப்பார்.

களைத்தவருக்குக் குளுக்கோஸ் கொடுப்பது வழக்கம். ஆனால் சர்க்கரை உடலில் எரிவதற்குத் தயமின் எனப்படும் வைட்டமின் பி-1 இன்றியமையாதது. குடிகாரரின் உடலில் அது அருகியிருக்கும். குளுக்கோஸை மட்டும் செலுத்தினால் எஞ்சியதும் செலவாகி மூளை ஊறுபடலாம். பார்வை தடுமாறுதல், நடை தள்ளாடுதல், அறிவு மயங்குதல் ஆகிய இக்குறிகளை வெர்னிக்கே 1881-இல் விவரித்தார். இவை குடிவெறியைப் போலவே தோன்றுவதால் கவனியாது விடப்படுவதுண்டு. எனவே தயமினை முதலில் ஊசிவழி செலுத்துவர். ரத்தச் சர்க்கரை மிகத் தாழ்ந்திருப்பின் குளுக்கோஸைத் தாமதிக்கலாகாது. இரண்டையும் உடன் செலுத்துவர்.

உணவு மறுப்போரிடமும் இதையொத்த அபாயம் உண்டு. பட்டினியுற்றவர் திடீரென மிகுதியாக உண்டால் இன்சுலின் பெருகி, ரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம் முதலிய உப்புகளை உயிரணுக்களுக்குள் செலுத்துகிறது. ரத்தத்தில் அவை குன்றவே இதயம் தடுமாறி, உயிருக்கே கேடு விளையலாம். ஆகவே உணவைச் சிறுகச் சிறுகக் கூட்டி, நாடியையும் வீக்கத்தையும் கவனித்து, ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தாதி உடனுக்குடன் மருத்துவருக்கு அறிவிக்கிறார்.

பட்டினி மனத்தையும் மாற்றும். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1944-45-இல் ஆன்சல் கீஸ் 36 ஆடவரை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். நலமாயிருந்த அவர்களும் சோர்வுற்று, இடையறாது உணவையே நினைத்தனர். நோயாளியின் பிடிவாதத்தில் ஒரு பகுதி பட்டினியின் விளைவே என்பதை இது காட்டுகிறது. ஆதலால் தாதி கடிந்துரைப்பதில்லை. உணவு வேளையில் உடனமர்கிறார். உண்டபின் வாந்தியெடுக்காதவாறு சிறிது நேரம் துணையிருக்கிறார். காலையில் ஒரே வகை உடையில் எடை பார்க்கிறார். "உடம்பு தேறிவிட்டது" என்னும் பாராட்டையும் தவிர்க்கிறார். நோயாளியின் செவியில் அது "பருத்துவிட்டாய்" என்றே ஒலிக்கும்.

குடும்பத்தாரும் இவற்றை அறிதல் நலம். நெடுநாள் குடித்தவரை வீட்டில் அடைத்துத் திடீரென நிறுத்தச் செய்வதும், மெலிந்தவருக்கு வயிறு நிறைய ஊட்டுவதும் அன்பினால் நேரும் தவறுகள். மருத்துவரின் ஆலோசனையும் தாதியின் கண்காணிப்பும் இருப்பின் இவ்விரு அபாயங்களையும் பெரும்பாலும் தடுக்க இயலும்.