களை என்பது எந்தச் செடி?



ஒரு நிலக்கடலைக் கொல்லையில் பெண்கள் களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வயதான அம்மா ஒருவர் மட்டும், வெட்டிய செடிகளில் சிலவற்றை மண் உதறி மடியில் கட்டிக்கொண்டே போனார். "என்னம்மா, களையைப் போய் மடியில கட்டுறீங்களே?" என்று கேட்டேன். "கொல்லைக்காரருக்குத்தான் தம்பி இது களை. எனக்கு ராத்திரிக்குக் கொழம்பு" என்றார். மடியில் இருந்தது பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும்.

அந்த அம்மா சொன்னதைவிடத் தெளிவாக நான் சொல்லிவிட முடியாது. கோரை, அருகு, சாரணை, கீழாநெல்லி என்பவை செடிகளின் பெயர்கள். 'களை' அப்படிப்பட்ட பெயர் இல்லை. களைதல் என்றால் நீக்குதல். நீக்க வேண்டியது எதுவோ அது களை. அதாவது நம் முன்னோர்கள் செடியைப் பார்த்து இந்தப் பெயரை வைக்கவில்லை. செய்ய வேண்டிய வேலையைப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சொல்லுக்கு வேறு முகங்களும் உண்டு. "மாப்பிள்ளை முகத்துல நல்ல களை" என்கிறோம். அது அழகு. "வெயில்ல நின்னு களைச்சுப் போனேன்" என்றால் அசதி. பழைய நூல்களில் 'களைகண்' என்றால் ஆதரவு, துணை. ஊர்த் திருவிழா 'களைகட்டிவிட்டது' என்று சந்தோஷமாகச் சொல்கிறோம். ஆனால் திருக்குறளில் களைகட்டல் என்றால் வயலில் களை பறிப்பதுதான். கொடியவர்களை அரசன் தண்டிப்பதை அதோடு ஒப்பிட்டிருக்கிறார் வள்ளுவர். இன்றைக்குக் கட்சிகளில் 'களையெடுப்பு' என்று பத்திரிகைகள் எழுதுகிறதும் அந்த வழியில் வந்ததுதான். அது நமக்கு வேண்டாம், வயலுக்கு வருவோம்.

வேலையை வைத்து வந்த பெயர் என்பதால், ஒரே செடி ஓரிடத்தில் பயிராகவும் இன்னோரிடத்தில் களையாகவும் இருக்கும். போன போகத்தில் சிந்திய கம்பு இந்தப் போகத்தில் நிலக்கடலைக்கு நடுவே முளைத்தால், கம்பும் களைதான். விதைக்கென்று விட்ட நெல் வயலில் வேறு ரகக் கதிர் ஒன்று உயரமாக எட்டிப் பார்த்தால் அதைக் கலவன் என்று பிடுங்கிப் போடுகிறோம். நேரடி விதைப்பு செய்கிறவர்களுக்குக் களைநெல் என்றொரு தொல்லை உண்டு. பார்வைக்கு நெல்லேதான். அறுவடைக்கு முன்னாலேயே மணியை உதிர்த்துவிடும். அடுத்த வருஷம் உங்களைக் கேட்காமலே முளைத்து நிற்கும். நெல்லுக்கு நெல்லே களை!

குதிரைவாலியை எடுத்துக்கொள்ளுங்கள். மானாவாரியில் விதைத்து அறுக்கிற தானியம் அது. அதன் தாயாதி ஒன்று நெல் வயலில் களையாக வருகிறது. குதிரைவாலிப் புல் என்போம். நாற்றுப் பருவத்தில் நெல்லோடு நெல்லாக நின்று, பறிக்கிறவர் கண்ணை ஏமாற்றி, நாற்று முடியோடு நடவு வயலுக்கே போய்விடும். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. இலை விரிந்து தண்டை விட்டுப் பிரிகிற இடத்தைப் பிரித்துப் பாருங்கள். நெல்லாக இருந்தால் அங்கே மெல்லிய சவ்வு ஒன்று நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் மயிர் முளைத்த சின்னக் காதுகளும் இருக்கும். குதிரைவாலிப் புல்லுக்கு நாக்கும் கிடையாது, காதும் கிடையாது. அந்த இடம் வழவழவென்று இருக்கும். வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு தடவை காட்டிவிட்டால் போதும், நம்மைவிட வேகமாகப் பொறுக்கி எடுத்துவிடுவார்கள். நாற்றங்காலில் ஒரு மணி நேரம் செய்கிற இந்த வேலை, நட்ட வயலில் பல ஆள் கூலியை மிச்சப்படுத்தும்.

கோரை இருக்கிறதே, அது வேறு ரகம். முசிறி, கரூர்ப் பக்கம் காவிரிக் கரையோரத்தில் பாய்க்கோரையைப் பணப்பயிராகவே வைக்கிறார்கள். நம் தோட்டத்துக் கோரை அதன் உறவுக்காரி. அதன் கிழங்கும்கூட நாட்டு மருந்துக்கும் குளிக்கிற மாவுக்கும் போகிறது. ஆனால் கத்தரித் தோட்டத்தில் வந்துவிட்டால், மேலே எத்தனை தடவை பறித்தாலும் கிழங்கில் இருந்து திரும்ப வரும். ஈர மண்ணில் உழுதால் கிழங்கை வயல் பூராவும் நாமே இறைத்துவிட்டது போல ஆகிவிடும். கோடையில் ஆழமாக உழுது, மேலே வருகிற கிழங்குகளை வெயிலில் காயவிட்டுப் பொறுக்கி எடுப்பதுதான் நல்லது. ஒரே வருஷத்தில் தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

"எல்லாச் செடிக்கும் ஒரு பயன் உண்டு என்கிறீர்களே, அப்படியானால் எதைத்தான் களை என்பது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தயவுதாட்சண்யமே பார்க்கக்கூடாத செடிகளும் இருக்கின்றன. பார்த்தீனியம் அப்படிப்பட்டது. அமெரிக்காவில் இருந்து வந்த கோதுமையோடு கலந்து 1950-களில் நம் நாட்டுக்குள் வந்தது என்பார்கள். முதலில் புனா பக்கம் கண்டார்கள். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். தோலில் பட்டால் அரிப்பு, சிலருக்கு மூச்சுத்திணறல். மாடும் விரும்பித் தின்னாது. இதைத் தின்பதற்கென்றே மெக்சிகோ நாட்டு வண்டு ஒன்றைக் கொண்டுவந்து 1984-இல் பெங்களூர் வட்டாரத்தில் விட்டார்கள். வண்டு பரவியிருக்கிறது, ஆனால் செடி ஒழிந்தபாடில்லை. பூ எடுப்பதற்கு முன்னால் வேரோடு பிடுங்க வேண்டும். கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சாக்குத் துணியையாவது சுற்றிக்கொள்ளுங்கள். பூத்த பிறகு பிடுங்கி வரப்பில் போடுவது விதைக்கிற மாதிரிதான்.

சோளத்தில் வருகிற சுடுமல்லியும் விடக்கூடாதது. அது மண்ணுக்கு மேலே தலைகாட்டும்போதே, கீழே சோளத்தின் வேரில் ஒட்டிச் சாரத்தை உறிஞ்சத் தொடங்கியிருக்கும்.

மற்றவற்றுக்குக் காலம்தான் கணக்கு. பயிரின் ஆயுளில் முதல் மூன்றில் ஒரு பங்குக் காலத்தில் பக்கத்தில் நிற்கிற செடி, எதுவாக இருந்தாலும் திருடன்தான். 120 நாள் நெல் என்றால் முதல் 40 நாள். நட்ட 15-ஆம் நாளில் ஒரு தடவை, 30, 35-ஆம் நாளில் ஒரு தடவை எடுத்துவிட்டால், அப்புறம் நெல்லே தழைத்து நிழல் கட்டி மற்றதை அமுக்கிவிடும். ஆள் கிடைக்கவில்லை என்று 50-ஆம் நாளில் களை எடுத்தால் கூலிதான் போகும், இழந்த தூர் திரும்பி வராது. நிலக்கடலையில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 45 நாளுக்குள் களை வெட்டி மண் அணைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு கொத்தினால், மண்ணுக்குள் இறங்குகிற விழுது அறுந்து காய் பிடிப்பது குறையும்.

இப்போது ஆள் தட்டுப்பாட்டால் களைக்கொல்லி தெளிப்பது ஜாஸ்தியாகிவிட்டது. வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். அந்த மருந்துக்கு எது உங்கள் பயிர், எது களை என்று தெரியாது. 2,4-டி என்கிற மருந்து அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும். புல் இனத்தைச் சேர்ந்த சோளமும் மக்காச்சோளமும் அதைத் தாங்கும். அதே காரணத்தால் புல் களைகளும் அதற்குத் தப்பிவிடும். பருத்தி அகன்ற இலைச் செடி. காற்று அடிக்கிற நேரத்தில் சோளத்துக்குத் தெளித்தீர்களானால், பக்கத்துக் கொல்லைப் பருத்தியில் போய் விழும். இலை வெண்டை இலை மாதிரி விரல் விரலாகச் சுருங்கி, பூவும் பிஞ்சும் கொட்டும். அண்ணன் தம்பிக்குள் இதனால் பேச்சு நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன். இந்த மருந்து தெளித்த கைத்தெளிப்பானை, கழுவிவிட்டோமே என்று பருத்திக்கு எடுக்காதீர்கள். களைக்கொல்லிக்கென்று ஒரு தெளிப்பானைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து அடித்த கொல்லை எது என்பதை வேலைக்கு வருகிற பெண்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கூலியோடு மடி நிறையக் கீரையும் மாட்டுக்கு ஒரு கட்டுப் புல்லும் கொண்டுபோவது நம் ஊர்களில் வழக்கம். வாடிப்போவதற்கு முன்னால் மருந்து பட்ட கீரையும் பச்சைப்பசேல் என்றுதான் இருக்கும், கண்ணால் பார்த்துத் தெரியாது. வரப்பு ஓரத்தில் ஒரு குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டிவையுங்கள். ஆராக்கீரை, கரிசலாங்கண்ணி நிற்கிற வாய்க்கால் கரைப் பக்கம் தெளிப்பானைத் திருப்பவே வேண்டாம்.