கைராசி டாக்டர் மட்டும் போதுமா? ஆபரேஷன் அறையில் கூட்டு வேலைக்கும் மார்க்!

நெல்லை பக்கம் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் சொந்தக்காரர்கள் முதலில் விசாரிப்பது இதைத்தான். "யாரு பண்ணுதாவ? கைராசிக்காரரா அண்ணாச்சி?"

பாபநாசத்தில் இருந்து ஸ்ரீவைகுண்டம் வரை எங்கே கேட்டாலும் கைராசிப் பேச்சுதான். கூட நிற்கும் நர்சு யார், மயக்க ஊசி போடும் டாக்டர் யார், அவர்கள் ஒருவருக்கொருவர் வாய் திறந்து பேசுவார்களா என்று யாரும் கேட்பது இல்லை.

ஆனால் பல சமயம் உயிர் அந்தப் பேச்சில்தான் தொங்குகிறது!

583 பேர் பலி

1977-ம் ஆண்டு மார்ச் 27. ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த டெனரீப் தீவு. விமான நிலையத்தில் ஒரே மூடுபனி. டச்சு ஜம்போ விமானம் ஒன்று ஓடத் தொடங்கியது. எதிரே இருந்த விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று என்ஜினீயருக்குச் சந்தேகம். கேட்டார். கேப்டனோ பழுத்த அனுபவசாலி. விலகிவிட்டது என்று அடித்துச் சொல்லிவிட்டார். அதற்கு மேல் யாரும் மறுத்துப் பேசவில்லை.

சில விநாடிகளில் பயங்கரம்! இரண்டு ஜம்போ விமானங்களும் மோதின. 583 பேர் பலியானார்கள்.

சின்னவர் சந்தேகம் கேட்டால் பெரியவர் காது கொடுக்க வேண்டும் என்று விமானிகளுக்குத் தனிப் பயிற்சியே பிறகு வந்தது. அங்கிருந்து அது ஆபரேஷன் தியேட்டருக்குள்ளும் நுழைந்தது.

பஞ்சு எத்தனை?

இந்திய வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்க சர்ஜன் அதுல் கவாண்டே தலைமையில் உலக சுகாதார நிறுவனம் ஒரு அட்டை தயாரித்தது. அதில் 19 விஷயங்கள். மயக்க மருந்து கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளி வெளியே போகும் முன் என்று 3 தடவை எல்லாரும் நின்று சரிபார்க்க வேண்டும். நோயாளி பெயர் என்ன? எந்த இடத்தில் ஆபரேஷன்? ஊசி, பஞ்சு, கத்தரி எண்ணிக்கை சரியா? அறையில் இருப்பவர்கள் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்லிக்கொள்ள வேண்டும். பெயர் தெரிந்தால்தானே கூப்பிட்டுச் சொல்லத் தைரியம் வரும்!

டில்லி உள்பட 8 நகரங்களில் பரீட்சை செய்தார்கள். 2009-ல் முடிவு வெளியானது. ஆயிரத்துக்கு 15 ஆக இருந்த சாவு 8 ஆகக் குறைந்தது. சிக்கல்கள் ஆயிரத்துக்கு 110-ல் இருந்து 70 ஆனது.

அட்டை வந்தால் தீர்ந்ததா? அதுதான் இல்லை. கனடாவில் ஆன்டாரியோ மாநிலத்தில் 101 ஆஸ்பத்திரிகளில் அட்டை புகுந்தது. 2014-ல் கணக்குப் பார்த்தால் குறிப்பிடும்படி மாற்றம் எதுவும் இல்லை! காரணம் பற்றி இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. மனம் ஒட்டாமல் வெறும் 'டிக்' அடித்திருப்பார்கள் என்பது ஒரு கட்சி. ஆபீஸ் ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போடுவதைப் போலத்தான். (குமாஸ்தா நண்பர்கள் கோபிக்க வேண்டாம்.)

சர்ஜனுக்கே மார்க்

அதனால்தான் வேலை நடக்கும்போதே பார்த்து மார்க் போடும் முறை. ஸ்காட்லாந்தில் அபர்டீன் பல்கலைக்கழக மனோதத்துவ நிபுணர்களும் சர்ஜன்களும் சேர்ந்து உண்டாக்கியது இது. நடப்பைக் கவனிப்பது, முடிவு எடுப்பது, மற்றவர்களோடு பேசிச் சேர்ந்து வேலை செய்வது, தலைமை தாங்குவது ஆகிய நான்குக்கும் 1 முதல் 4 வரை மார்க். தையல் அழகுக்கு இதில் மார்க் கிடையாது. நர்சு சொன்னபோது சர்ஜன் நிமிர்ந்து பார்த்தாரா, எரிந்து விழுந்தாரா என்பதற்கு உண்டு.

கூட்டு வேலை என்றால் என்ன என்று பார்க்க வெளிநாடு போக வேண்டாம். சுவாமி நெல்லையப்பர் ஹைரோட்டில் 1988-ல் வந்த அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1976-ல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய ஸ்தாபனம். ஒரு மேஜையில் கண்புரை ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளி தயார். கருவி எடுத்துத் தருவது, தயார்ப்படுத்துவது எல்லாம் அங்கேயே பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள். வரிசையாக நடக்கும் வேலையில் வலது கண், இடது கண், லென்ஸ் பவர் மாறாமல் இருக்க ஒவ்வொருவரும் வாய் திறந்தாக வேண்டும்.

ஆபரேஷனுக்குப் போகும் ஆச்சியிடம் மூன்று பேர் மூன்று தடவை பெயரும் கண்ணும் கேட்டால், "எத்தனை தரம் சொல்றது? எழுதி வைக்கலியா?" என்று பேரன் சண்டைக்குப் போகிறான். எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். எழுதியதும் ஆச்சி சொல்வதும் ஒன்றுதானா என்று பார்க்கத்தான் கேள்வி. பேரன் கொஞ்சம் சும்மா இருக்கட்டும். ஆச்சியே சொல்லட்டும்.