கேமராவுக்குப் பின்னால் ஒரு மேஸ்திரி

1982-ஆம் ஆண்டு. கரக்பூர் ரயில்வே காலனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, திறந்தவெளியில் திரை கட்டி 'ஆன் தி டவுன்' படம் போட்டார்கள். எனக்கு அப்போது 22 வயது. மூன்று கப்பற்படைச் சிப்பாய்கள் 24 மணி நேர விடுப்பில் நியூயார்க்கில் இறங்குகிறார்கள். ஊர் சுற்றி, காதலித்து, மறுநாள் காலை ஆறு மணிக்குக் கப்பல் திரும்புகிறார்கள். கதை அவ்வளவுதான். ஜீன் கெல்லி, ஃபிராங்க் சினாட்ரா, ஜூல்ஸ் மன்ஷின் மூவரும் அடித்த கூத்தில் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

1949-இல் வெளிவந்த இப்படத்தைக் கெல்லியோடு சேர்ந்து இயக்கியவர் ஸ்டான்லி டோனன். அப்போது அவருக்கு வயது 25! இசைப்படம் என்றால் ஸ்டுடியோவுக்குள்ளேயே எடுத்து முடிக்கும் காலம் அது. இவர்களோ புரூக்ளின் பாலம், சுதந்திர தேவி சிலை என்று சில காட்சிகளுக்காவது கேமராவை ஊருக்குள் தூக்கிப் போனார்கள்.

டோனன் தனியாக இயக்கிய முதல் படம் 'ராயல் வெட்டிங்' (1951). அதில் ஃபிரெட் அஸ்டேர் சுவரில் ஏறி, விட்டத்திலும் ஆடுவார். தந்திரம் இதுதான்: அறையை ஒரு பெரிய உருளைக்குள் கட்டிச் சுழற்றினார்கள். நாற்காலி, மேஜை, கேமரா, கேமராக்காரர் எல்லாமே அறையோடு இறுகப் பிணைக்கப்பட்டுச் சுழன்றன. அஸ்டேர் எப்போதும் கீழே இருந்த பக்கத்தில்தான் ஆடினார். நின்ற வண்டியில் நாம் உட்கார்ந்திருக்க, பக்கத்து வண்டி நகர்ந்தால் நம் வண்டி கிளம்பியதாகத் தோன்றுமே, அதே கணக்கு!

பிறகு கெல்லியோடு 'சிங்கிங் இன் தி ரெயின்' (1952), தனியாக 'சரேட்' (1963) என்று எத்தனையோ படங்கள். ஆனாலும் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கார் பரிந்துரைப் பட்டியலில் அவர் பெயர் ஒருமுறைகூட வந்ததில்லை. 1998-இல்தான் கௌரவ ஆஸ்கார் கொடுத்தார்கள். 73 வயது மனிதர், முகத்தில் ஒரு குறையும் காட்டாமல், சிலையைக் கன்னத்தோடு அணைத்துப் பாடியபடி மேடையிலேயே ஆடினார். 2019-இல், 94-ஆம் வயதில் காலமானார்.

என் சர்வீஸில் நாங்கள் இரவு பகலாக நின்று முடித்த ஒரு பாலத்தின் கல்வெட்டில், வேலை செய்த ஒருவர் பெயரும் இல்லை. அந்தக் குறை எனக்கு வெகுநாள் இருந்தது. டோனன் ஆடியதைப் பார்த்தபின் அது பாதி குறைந்துவிட்டது. மீதிப் பாதி, அந்தப் பாலத்தின் மேல் ரயிலில் போகும்போதெல்லாம் குறைகிறது.