கண்டி இராச்சியமும் கடலும்

கடல் சூழ்ந்த இலங்கையில் கடலற்ற இராச்சியம் ஒன்று இருந்தது. மலையும் காடும் கணவாயுமே கண்டியைக் காத்தன என்பது வழமையான விளக்கம். 1594 இல் போர்த்துக்கேயரும் 1803 இல் பிரித்தானியரும் அங்கு படையிழந்தமை அதற்குச் சான்றாகும். எனினும் இவ்விளக்கம் முழுமையானதன்று.

கண்டியைக் கடலினின்றும் பிரித்தது இயற்கையன்று. பதினேழாம் நூற்றாண்டில் கொட்டியாரம், மட்டக்களப்பு, புத்தளம் ஆகிய துறைகள் அதன் வசமிருந்தன. 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையே கரை முழுவதையும் ஒல்லாந்தக் கம்பனிக்கு உடைமையாக்கிற்று. மலையில் விளையாத உப்பைக் கரையிலே அள்ளுவதுங்கூடக் கண்டிக் குடிகளுக்குக் கம்பனி அளித்த சலுகையாயிற்று.

1815 இல் கண்டியை வீழ்த்தியதும் படைபலம் மட்டுமன்று. நாயக்க மன்னனுக்கும் நிலமானியப் பிரதானிகளுக்குமிடையே முற்றிய முரண்பாட்டைப் பிரித்தானியர் பயன்படுத்திக்கொண்டனர். 1818 இல் கிளர்ச்சி அடக்கப்பட்டபின் மலையை ஊடறுத்து வீதிகள் அமைந்தன. 1840 ஆம் ஆண்டு முடிக்குரிய நிலச் சட்டம் காணிகளைத் தோட்ட முதலாளிகளுக்குத் திறந்துவிட்டது. மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே மாத்தளைக்கு நடந்த தமிழ்த் தொழிலாளர் கோப்பித் தோட்டங்களுக்கு உழைப்பை ஈந்தனர். அவர்தம் வழித்தோன்றல்களிற் பெரும்பாலோர் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமையற்றோராயினர். 1977 ஆம் ஆண்டு வன்செயலின் பின் பலர் வன்னிக்கே அகதிகளாய் மீண்டனர்.

பூநகரியினின்று நோக்குவோர்க்கு இவ்வுண்மை புதிதன்று. போர்க்காலத்திற் சங்குப்பிட்டித் துறை மூடப்பட்டபோது, கடலேரி கண்முன் கிடந்தும் வழி இருக்கவில்லை. 2011 இலேயே அங்கு பாலம் திறக்கப்பட்டது. ஒரு நிலத்தின் வாயிலைத் திறப்பதும் அடைப்பதும் அதிகாரமேயன்றிப் புவியியல் அன்று.