எரிப்பதற்கு முன்பே

ரே பிராட்பரியின் 'பாரன்ஹீட் 451' 1953இல் வெளிவந்த அறிபுனை நாவல். அதில் தீயணைப்புப் படையினருக்குத் தீயை அணைக்கும் வேலை இல்லை. வீடு வீடாகப் புத்தகங்களைத் தேடி எரிப்பதே வேலை. அதை வாசிக்கும்போது எங்களுக்கு 1981இன் அந்த இரவுதான் நினைவுக்கு வரும். அன்று யாழ் பொது நூலகத்தில் மூட்டிய தீயில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஓலைச் சுவடிகளும் போயின.

ஆகவே எரிப்பவர்களையே நாங்கள் முதலில் பார்க்கிறோம். ஆனால் நாவல் இன்னொன்றையும் சொல்கிறது. அங்கே அரசு தீயோடு வருமுன்பே மக்கள் வாசிப்பதை விட்டுவிட்டார்கள். சுவரளவு தொலைக்காட்சி அவர்களுக்குப் போதுமாயிருந்தது.

யாழ் நூலகம் திரும்பக் கட்டப்பட்டுவிட்டது. இங்கே மொன்றியலில் எங்கள் பிள்ளைகள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் படிக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசினாலும் பலருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. அலுமாரியில் நாங்கள் பத்திரப்படுத்திய தமிழ்ப் புத்தகங்களை நாளை யார் திறப்பார்கள்?

நாவலின் முடிவில் நகருக்கு வெளியே சிலர் ஆளுக்கொரு நூலை மனப்பாடமாகச் சுமந்து வாழ்கிறார்கள். எங்களிடம் கேட்கப்படுவது அவ்வளவு பெரிதல்ல. இரவில் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி இரண்டு பக்கம் தமிழ் வாசித்தால் போதும்.