மண்ணறிந்து உருளை

சாலை போடுமிடத்தில் ரோடு ரோலர் உருண்டு வந்தால், குழந்தைகளோடு நாமும் நின்று வேடிக்கை பார்க்கிறோம். கனமான உருளை எதுவாயினும் போதும் என்றே எண்ணுகிறோம். அது சரியன்று. இன்ன உருளை வேண்டும் என்று தீர்மானிப்பது மண்தான்.

களிமண்மீது வழவழப்பான உருளையை ஓட்டினால் மேற்பரப்பு மட்டும் இறுகும். அடியில் காற்று தங்கிவிடும். ஆகையால் அதற்கு ஆட்டுக் குளம்பு போன்ற முளைகள் பதித்த உருளை வேண்டும். அது மண்ணை அடியிலிருந்தே பிசைந்து இறுக்கிக்கொண்டு மேலே வரும். மணலுக்கு அது உதவாது; அதிர்ந்துகொண்டே உருளும் யந்திரமே மணல் மணிகளை நெருங்கி அமரச் செய்யும். தார்ச் சாலைக்கு வழவழப்பான இரும்பு உருளையும் ரப்பர் டயர் உருளையும் ஏற்றவை.

உருளை மட்டும் போதுமா? மண் அணைகளின் வேலையில் ஈடுபட்டிருந்த லாஸ் ஏஞ்செல்ஸ் எஞ்சினீயர் ரால்ஃப் பிராக்டர் 1933-ல் ஓர் உண்மையை விளக்கினார். ஒவ்வொரு மண்ணும் மிக நன்றாக இறுகுவதற்கு ஓர் அளவான ஈரம் உண்டு. குறைந்தால் துகள்கள் நகரமாட்டா. மிகுந்தால் நீரே இடத்தை அடைத்துக்கொள்ளும்.

இறுகாத கரையை வெள்ளம் அரித்துவிடும். வயலும் வீடும் பாழாகும். இறுகாத தரை நாளடைவில் அமிழ்ந்து வெடிக்கும். வீடு கட்டும் அன்பர்கள், மண் நிரப்பித் திமிசு போடும்போது, மண் எது, ஈரம் எவ்வளவு, ஒவ்வோர் அடுக்கும் எத்தனை தடிப்பு என்று மேஸ்திரியைக் கேட்டுக்கொள்வது நலம்.