வில்லனும் இரண்டாம் பாகமும்

புதுக்கோட்டை நகரை ஒட்டியுள்ள திருக்கோகர்ணத்திற்குச் செல்லும் மாணவர்கள் காண வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, குன்றைக் குடைந்து அமைத்த கோகர்ணேசுவரர் திருக்கோயில். மற்றொன்று, அரசு அருங்காட்சியகம். புதுக்கோட்டை தனியரசாக இருந்த காலத்தில், 1910ஆம் ஆண்டில் தோன்றியது அது. கல்லும் செம்பும் ஓவியமும் உயிரினங்களும் அங்கே வகை வகையாக வைக்கப்பெற்றுள்ளன. அருங்காட்சியகத்தில் உள்ள பொருள் ஒவ்வொன்றும் தன் வேலையை முடித்துக்கொண்டு ஓய்வு பெற்ற பொருளாகும். அவற்றுள் ஒன்று திடீரெனக் கண் விழித்து, தான் ஏன் அங்கு வந்தது என்று நம்மிடம் சொல்லத் தொடங்கினால் எப்படி இருக்கும்?

இக்கற்பனையைத் திரையில் காட்டிய தமிழ்ப் படம் ஒன்று உண்டு. ஷங்கர் இயக்கி, 2010 அக்டோபர் 1ஆம் நாள் வெளிவந்த 'எந்திரன்' அது. அதன் இறுதிக் காட்சி 2030ஆம் ஆண்டில் ஓர் அருங்காட்சியகத்தில் நிகழ்கிறது. சிட்டி என்னும் எந்திர மனிதனைத் துண்டு துண்டாகக் கழற்றி அங்கே வைத்திருக்கிறார்கள். இதை ஏன் கழற்றிவிட்டார்கள் என்று பள்ளிப் பிள்ளை ஒன்று கேட்கிறது. தான் சிந்திக்கத் தொடங்கியதே காரணம் என்று சிட்டி விடை கூறுகிறது. படம் அத்துடன் முடிந்தது. ஆனால் அக்கேள்வி முடிந்ததா? முடியாத கேள்வியே இரண்டாம் பாகத்தின் விதை. எட்டு ஆண்டுகளுக்குப் பின், 2018 நவம்பர் 29ஆம் நாள், '2.0' என்னும் பெயரில் அவ்விரண்டாம் பாகம் வந்தது.

மனித ஆற்றலை விஞ்சிய வலிமை படைத்த நாயகனைச் சூப்பர்ஹீரோ என்று வழங்குகிறோம். அத்தகைய நாயகனைப் பற்றிய முதற் படத்திற்கு இயல்பான கவர்ச்சி ஒன்று உண்டு. இவ்வலிமை அவனுக்கு எப்படி வந்தது, அதைக் கொண்டு அவன் என்ன செய்யப் போகிறான் என்று அறியும் ஆவலே அது. இரண்டாம் பாகத்திற்கு அக்கவர்ச்சி இல்லை. நாயகனின் வலிமை நமக்குத் தெரியும். அவன் வெல்வான் என்பதும் தெரியும். இக்குறையை நீக்கப் படமெடுப்போர் பலர் எளிய வழி ஒன்றை நாடுகின்றனர். பகைவனை முன்னிலும் பெரியவனாக்குகின்றனர்; இடியும் கட்டடங்களின் எண்ணிக்கையைக் கூட்டுகின்றனர். கண் வியக்கிறது, நெஞ்சமோ அசைவதில்லை. வலிமைக்கு எதிராக வலிமையை நிறுத்தினால் அது மற்போர் ஆகும், கதை ஆகாது. வலிமையால் விடை கூற முடியாத கேள்வி ஒன்றை வில்லன் நாயகனிடம் கேட்க வேண்டும். அவ்வாறு கேட்கும் வில்லனே வெற்றி பெறுகிறான். அவனைப் பெற்ற இரண்டாம் பாகமும் வெற்றி பெறுகிறது.

இவ்வுண்மையைத் தமிழ்த் திரை தொடக்க நாளிலேயே உணர்ந்திருந்தது என்பதற்குப் புதுக்கோட்டை மண்ணிலேயே சான்று உண்டு. 1916இல் புதுக்கோட்டையில் பிறந்து, நாடக மேடையில் வளர்ந்து, புகழ்மிக்க நடிகராகவும் பாடகராகவும் விளங்கியவர் பி. யு. சின்னப்பா. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1940இல் வெளியிட்ட 'உத்தமபுத்திர'னில் அவர் இரட்டை வேடம் பூண்டார். ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரட்டையருள் ஒருவன் அரண்மனையில் வளர்ந்து கொடியவனாகிறான். மற்றவன் எளியோரிடையே வளர்ந்து நல்லவனாகிறான். பின்னர் 1958இல் இக்கதையில் சிவாஜி கணேசன் நடித்தார். கொடியவனுக்கும் நல்லவனுக்கும் முகம் ஒன்று, குருதி ஒன்று. அப்படியாயின் இருவரையும் வேறுபடுத்தியது எது? வளர்ப்பா, வாய்ப்பா, அவரவர் தேர்ந்த வழியா? வாட்போர் எத்துணை நேரம் நடந்தாலும் இக்கேள்விக்கு விடை கிடைக்காது. வில்லனின் முகத்தில் நாயகன் தன் முகத்தையே காணும்போது நாமும் நம்மை எண்ணிப் பார்க்கிறோம்.

எழுபது ஆண்டுகள் கழித்து வந்த 'எந்திரன்' அந்த முறையையே புதிய கருவிகளோடு கையாண்டது. அறிவியலறிஞர் வசீகரனும் அவர் படைத்த சிட்டியும் ரஜினிகாந்தே. போரா என்னும் பேராசிரியர் அப்படத்தில் ஒரு பகைவர்தாம். எனினும் நம் நினைவில் நிற்பவர் அவரல்லர். சிவப்புச் சில்லு பொருத்தப்பெற்று அழிவு வேலையில் இறங்கிய சிட்டியே உண்மையான வில்லன். படைத்தவனே உணர்ச்சியை ஊட்டினான். அவ்வுணர்ச்சி காதலாக மாறியபோது படைத்தவனே சினந்து உடைத்து எறிந்தான். உணர்ச்சியைக் கொடுத்தவனுக்கு அதன் விளைவில் பொறுப்பு இல்லையா? சிட்டியின் கொடுமையை நாம் வெறுக்கிறோம்; அதன் வழக்கையோ எளிதில் தள்ள முடிவதில்லை.

இனி '2.0' படத்தின் வில்லனைக் காண்போம். அவர் பெயர் பட்சிராஜன். நடித்தவர் அக்ஷய் குமார். பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் தோற்றத்தை நினைவூட்டும் முதியவர். கைப்பேசிக் கோபுரங்களின் அலைகளால் பறவைகள் மடிகின்றன என்று நம்பி, முறையிட வேண்டிய இடங்களிலெல்லாம் முறையிடுகிறார். எவரும் செவி சாய்க்கவில்லை. மனம் உடைந்து உயிர் துறந்தபின், நகரத்துக் கைப்பேசிகளையெல்லாம் சிறகுகளாகக் கொண்டு பேருருவப் பறவையாக எழுகிறார். அவர் கூற்றை அறிவியல் உறுதி செய்ததா என்பது வேறு. கைப்பேசி அலைகளால்தான் குருவிகள் குறைந்தன என்பது மெய்ப்பிக்கப்பெறவில்லை. கூடு கட்ட இடம் குறைந்ததும், குஞ்சுகளுக்கு வேண்டிய பூச்சிகள் அருகியதும் முதன்மையாகப் பேசப்படும் காரணங்கள். படம் வெளிவருமுன்பே கைப்பேசி நிறுவனங்களின் கூட்டமைப்பு தணிக்கை வாரியத்திடம் இதுபற்றி முறையிட்டது. மாணவர்கள் திரைப்படத்தைப் பாடநூலாகக் கொள்ளலாகாது என்பதற்கு இஃது ஓர் எச்சரிக்கை. எனினும், நம் வசதிக்காகப் பிற உயிர்கள் செலுத்தும் விலை யாது என்னும் வினா நியாயமானதே. அவ்வினாவைத் தாங்கியிருப்பதால்தான் பட்சிராஜன் நம் உள்ளத்தைத் தொடுகிறார்.

ஆனால் அப்படம் முழு வெற்றி பெற்றதா? வில்லன் வலுவாக அமைந்தான். அவனை எதிர்கொள்ளும் சிட்டிக்கோ தனக்கென ஒரு கேள்வி இல்லை. சிந்தித்ததற்காகக் கழற்றப்பெற்ற எந்திரம், இரண்டாம் பாகத்தில் ஏவிய வேலையைச் செய்யும் படைக்கலமாகவே வருகிறது. மேலும், பட்சிராஜனை வெல்ல முன்பு தீமை விளைத்த அதே சிவப்புச் சில்லைப் பொருத்துகின்றனர். இறுதியில் சிட்டியின் சிற்றுருவங்கள் புறாக்களின் மேலேறி, அவற்றின் உயிருக்கே ஊறு செய்வதாக அச்சுறுத்திப் பறவைநேயரைப் பணிய வைக்கின்றன. வில்லன் செய்யத் துணியாத ஒன்றை நாயகன் செய்கிறான்! இது வெற்றியா, இழுக்கா? சிறந்த கதை ஒன்று பிறந்திருக்க வேண்டிய இடம் அது. படமோ அதனை வேடிக்கையாக்கிக் கடந்து செல்கிறது.

பிற நாட்டுப் படங்களையும் இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம். 2004இல் வந்த 'ஸ்பைடர்மேன்' இரண்டாம் பாகத்தின் வில்லன் ஆக்டேவியஸ், நாயகன் போற்றிய அறிஞன். தன் ஆராய்ச்சியின் மீது கொண்ட வெறியால் நகரையே அழிவின் விளிம்பிற்குக் கொண்டு செல்கிறான். அதே படத்தில் நாயகனோ, கடமைக்காகத் தன் கனவை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டுமா என்று தடுமாறுகிறான். இருவர் நெஞ்சிலும் நிகழ்வது ஒரே போராட்டம். முடிவில் நாயகன் வெல்வது கைவலியால் அன்று. தான் கற்ற பாடத்தை அவன் எடுத்துரைக்க, பகைவன் மனம் திருந்தித் தன் கருவியைத் தானே நீரில் ஆழ்த்தி மாய்கிறான்.

வில்லனுக்கு உருக்கமான பழங்கதை கட்டாயம் வேண்டுமா எனில், வேண்டுவதில்லை. 2005இல் வந்த 'பேட்மேன் பிகின்ஸ்' படத்தின் இறுதியில் காவல் அதிகாரி ஒரு சீட்டை நாயகனிடம் காட்டுகிறார். முகமூடி அணிந்த காவலன் ஒருவன் தோன்றினால், அவனுக்கு ஈடான குற்றவாளியும் தோன்றுவான் என்பதே அதன் குறிப்பு. 2008இல் வந்த அடுத்த படமான 'தி டார்க் நைட்' அக்குறிப்பிலிருந்தே முளைத்தது. ஹீத் லெட்ஜர் நடித்த ஜோக்கர் தன் முகத்து வடுவிற்கு இருவேறு கதைகள் சொல்கிறான்; எதையும் நம்ப முடியாது. கொலை செய்யேன் என்னும் நாயகனின் நெறி எந்த எல்லையில் முறியும் என்று சோதிப்பதே அவன் வேலை. ஆகவே, நியாயம் இல்லாத வில்லனும் வெல்லலாம். கேள்வி இல்லாத வில்லன் வெல்ல இயலாது.

நம் அண்டை மாநிலமான கேரளத்தில் 2021இல் வந்த 'மின்னல் முரளி' இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஒரே இரவில் ஒரே மின்னல், தையற்காரன் ஜெய்சனையும் தேநீர்க் கடையில் வேலை செய்யும் ஷிபுவையும் தாக்குகிறது. இருவருக்கும் ஒரே ஆற்றல் வாய்க்கிறது. ஒருவன் காவலனாகிறான், ஊரார் எள்ளி ஒதுக்கிய மற்றவன் அழிவாளனாகிறான். ஷிபுவாக நடித்தவர் தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம். உத்தமபுத்திரனின் இரட்டையரை இங்கே மின்னல் பெற்றெடுத்தது எனலாம்.

மாணவர்களே! படம் பார்த்துத் திரும்பும்போது, யார் வென்றார் என்பதோடு நின்றுவிடாதீர்கள். தோற்றவன் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்ததா என்று உங்களையே வினவிப் பாருங்கள். ஒருவன் கொண்ட குறை நியாயமாக இருக்கலாம். அதைத் தீர்க்க அவன் தேர்ந்த வழி கொடியதாக இருக்கலாம். வழியின் கொடுமையைக் கண்டு குறையை மறுப்பதும் பிழை. குறையின் நியாயத்தைக் கண்டு கொடுமையைப் பொறுப்பதும் பிழை. இவ்விரண்டையும் பிரித்தறியும் பயிற்சி தேர்வறையில் மட்டுமின்றி வாழ்க்கை முழுவதும் வேண்டப்படுவது. அப்பயிற்சியை மூன்று மணி நேர இன்பத்தோடு தரும் படம் எதுவோ, அதுவே நல்ல இரண்டாம் பாகம்.